தரை தட்ட வேண்டும் என்று ஜெபித்தேன்

அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தால் மண்ணை மெல்லுவது போல இருந்தது. செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் பயந்து நடுங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இங்கே மழை பெய்தால் ஏரி நிரம்புமா, கிணறு ஊறுமா என்று கேட்பார்கள். நான் மட்டும் ராஜகிரி மலை மேல் கறுத்து நின்ற மேகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். அந்த மேகம் வந்த திசையில்தான் என் கணவர் இருந்தார்.

என் பெயர் கிரேஸ். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி போதகர் ஐயா மூன்று ஞாயிறாகக் கேட்டுவிட்டார். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு அழுகை வரும், பேச்சு வராது. அதனால் கர்த்தர் எங்களுக்குச் செய்ததைத் தெரிந்த முறையில் டைப் அடித்தே தருகிறேன். சபையார் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

என் கணவர் ஏழுமலை கடற்படையில் இருக்கிறார். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும். அவருடைய அம்மா எங்களோடு இருக்கிறார்கள். அத்தைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன்தான் எல்லாம். சாமி விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சாம்பாரில் உப்பு விஷயத்தில் வாரம் இரண்டு முறை வரும்.

ஏழெட்டு மாதத்துக்கு முன் அவரை அந்தமான் பக்கம் ஒரு சின்னக் கப்பலுக்கு மாற்றினார்கள். ராணுவ வண்டிகளையும் சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு போகிற கப்பல் என்று சொல்லி ஒரு போட்டோ அனுப்பினார். அடிப்பாகம் தட்டையாக இருந்தது. முன்பக்கம் டெம்போவின் பின்கதவு மாதிரி கீழே இறங்கியிருந்தது. துறைமுகத்தில் வண்டி ஏற்ற வசதியாக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அடி தட்டையாக இருப்பதால் சின்ன அலைக்கே தொட்டில் போல ஆடும் என்று மட்டும் சொன்னார். என் பயம் அவருக்குத் தெரியும். அதனால் மீதியைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்.

போனில் பேசும்போது அடிக்கடி ஒரு வார்த்தை சொல்வார். "இன்னிக்கு பீச்சிங் இருந்துது, டயர்டா இருக்குது" என்பார். நான் அதைக் கேட்டு எரிச்சல்படுவேன். நாங்கள் இங்கே வெயிலில் வேகிறோம், இவர் மாதம் இரண்டு தடவை பீச்சுக்குப் போய்க் காற்று வாங்குகிறாரே என்று நினைப்பேன். "சுண்டல் வாங்கித் தின்னீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

புயல் வந்தது கார்த்திகையில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர் போன் செய்தார். ஒரு தீவில் புயல் அடித்துப் படகுத்துறை இடிந்துவிட்டது, ஜனங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், நாங்கள் போகிறோம் என்றார். "ரெண்டு மூணு நாள் டவர் கெடைக்காது. பயப்படாத" என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும். அன்று சாயந்திரம் டிவியில் தென்னைமரங்கள் தலைமுடி போலப் பறப்பதைக் காட்டினார்கள். அத்தை டிவியை அணைத்துவிட்டார்கள். நான் எழுந்து போய் மறுபடி போட்டேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற ரூபி அக்காவிடம் ஓடினேன். அவர் உடனே தன் வீட்டில் சங்கிலி ஜெபம் வைத்துவிட்டார். காலை ஆறு மணியிலிருந்து சாயந்திரம் ஐந்து மணி வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம். ஜெபக் குறிப்பை நான்தான் கடையில் அடித்துப் பதினோரு பிரதி எடுத்தேன். ஒன்று, கப்பல் தரை தட்டாமல் காக்கப்பட. இரண்டு, அலைகள் அமர்ந்திட. மூன்று, சகோதரர் ஏழுமலை பத்திரமாய்த் திரும்பிவர. கப்பல் தரை தட்டியது என்றால் நமக்குத் தெரிந்து விபத்துதானே. பேப்பரில் அப்படித்தானே போடுகிறார்கள். அதனால் அதை முதலில் வைத்து, எழுத்தையும் தடிப்பாக்கியிருந்தேன். திங்களும் செவ்வாயும் அக்காக்களும் தங்கச்சிகளும் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக் கண்ணீரோடு ஜெபித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அவர் போன் வந்தது. காற்று சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"கிரேசு, கேக்குதா? நல்லாத்தான் இருக்கேன். ரெண்டு நாளா பீச்சிங் பண்ண முடியல."

பயம் போன இடத்தில் கோபம் வந்து நின்றது. "ஊரே புயல்ல கெடக்குது. இப்ப உங்களுக்கு இன்னா பீச்சு வேண்டியிருக்குது?" என்றேன்.

இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார். "பீச்சுக்குப் போறதில்லம்மா. கப்பலக் கொண்டுபோயி கரை மணல்ல ஏத்தறது. வேணும்னே தரை தட்டறது. மத்த கப்பலெல்லாம் தட்டக் கூடாதுன்னு ஓடும். எங்க கப்பல் தட்டத்தான் செஞ்சிருக்குது. சண்டை வந்தா தொறமுகம் இல்லாத எடத்துல ஆளையும் வண்டியையும் எறக்கறதுக்கு. இப்ப ஜனங்கள ஏத்தறதுக்கு."

அவர் அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஐம்பது அறுபது பேர் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள். ஹெலிகாப்டர் இறங்க முடியாத காற்று. திங்கட்கிழமை போனபோது அலை கப்பலின் பின்பக்கத்தைத் திருப்பப் பார்த்தது, விட்டுவிட்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கரைக்கு முன்னாலேயே ஒரு மணல்திட்டு தடுத்தது. கதவை இறக்கினால் எதிரே கழுத்தளவு தண்ணீர்.

"நாளைக்கு அமாவாச. தண்ணி நல்லா ஏறும். காலைல ஏத்தத்துல போயி தட்டணும். தண்ணி எறங்கறதுக்குள்ள கழண்டு வந்துடணும்."

"வரலன்னா?"

"வந்துடுவோம்."

"வரலன்னா இன்னா ஆவும், சொல்லுங்க."

"பின்னால நங்கூரம் போட்டுட்டுத்தான் கரைக்குப் போவோம். அதோட கம்பி ஒயர இழுத்துத்தான் திரும்பி வரணும். அதச் சுத்தி இழுக்கற வின்ச்சு மெஷினு என் கையில இருக்குது, நான் பாத்துக்கறேன். ஒயரு அறுந்தாத்தான் கப்பல அல குறுக்க…" என்றார். லைன் போய்விட்டது.

அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டும் போகவில்லை. கடைக்காரர் அண்ணனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, ரூபி அக்கா வீட்டுக்கு மழையில் நடந்தேன். வழியெல்லாம் ஒரே எண்ணம். நாங்கள் பதினோரு பேர் இரண்டு நாளாக என்ன கேட்டோமோ அதுவே நடந்திருக்கிறது. கப்பல் தரை தட்டவில்லை. அதனால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். நான்தான் அந்தக் கப்பலைப் பிடித்து நிறுத்திவிட்டேனோ என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகும் ஜெபத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. 'ஆண்டவரே, வேறே கப்பல் போகட்டும், வேறே யாராவது போய் அவர்களை ஏற்றட்டும்' என்றுதான் வழியெல்லாம் முணுமுணுத்தேன். வேறே கப்பலிலும் யாருடைய புருஷனோ இருப்பான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் ரூபி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, குறிப்பு தப்பு. தப்பா அடிச்சிட்டேன். மனுல ஒரு வார்த்த தப்பா இருந்தாலே திருப்பி அனுப்பிடுவாங்க" என்று அழுதேன்.

"ஏன் கிரேசு, அது தாலுகா ஆபீசா?" என்றார் அக்கா. "உனக்கு இன்னா வேணும்னு அவருக்குத் தெரியாதா? சரி, உன் மனசு ஆறணும்னா மாத்திடுவோம். பேனா எடு."

பதினோரு காகிதத்தையும் தரையில் பரப்பினோம். 'தரை தட்டாமல் காக்கப்பட' என்பதை அடித்து, மேலே 'தரை தட்ட' என்று எழுத வேண்டும். முதல் காகிதத்தில் அதை எழுதும்போது கை ஓடவில்லை. கட்டின புருஷன் கப்பல் தரை தட்ட வேண்டும் என்று எந்தப் பொம்பளை கையால் எழுதுவாள்? மீதிப் பத்தையும் ரூபி அக்காவே எழுதினார். இரண்டாவது குறிப்பை மாற்ற எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அலைகள் அமர்ந்திட என்பதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை விடிந்தது. அத்தை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, பையில் எலுமிச்சம்பழம் போட்டுக்கொண்டு மேல்மலையனூருக்குக் கிளம்பினார்கள். "நான் ஆத்தாகிட்ட கேட்டுட்டு வரேன். நீ உன் சாமிகிட்ட கேளு. யார் காதுலயாவது விழட்டும்" என்றார்கள். எனக்கு அன்று மறுத்துப் பேசத் தெம்பில்லை. அத்தையைப் பஸ் ஏற்றப் போனேன். அமாவாசைக் கூட்டம், ஸ்பெஷல் பஸ் ஒவ்வொன்றிலும் படியில் தொங்கினார்கள். அந்தச் சந்தடியில் நின்று மணி பார்த்தேன். எட்டேகால். அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்.

ரூபி அக்கா வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டேன். வார்த்தை வரவில்லை. வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்க்க வேண்டும். அதனால் கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

பத்து மணி வாக்கில் அனந்தபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பதுக்குள் இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு மனு அடிக்க வேண்டும் என்றார். எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்று ஒவ்வொரு எழுத்தும் முள்ளாகக் குத்தியது. இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், மனுதாரருக்கு என்ன உறவு என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அந்த அம்மா மெதுவாகப் பதில் சொன்னார். அடித்து முடித்துப் படித்துக் காட்டலாம் என்று திரையைப் பார்த்தேன். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'ஏழுமலை' என்று இருந்தது.

என் கைதான் அடித்திருக்கிறது. அந்த அம்மாவின் கணவர் பெயர் வேறு. அழிக்கிற பட்டனைத் தேடினேன். தினமும் தொடுகிற பட்டன் அது. அன்று எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கடைக்காரர் அண்ணன் தன் போனைப் பார்த்து, "கிரேசு" என்றார். அவர் கூப்பிட்ட விதத்திலேயே எழுந்துவிட்டேன். போனில் ஒரு செய்திச் சேனலின் சிவப்புப் பட்டை. 'புயல் மீட்புப் பணிக்குச் சென்ற கடற்படைக் கப்பல் தரை தட்டியது.' அவ்வளவுதான் போட்டிருந்தது.

என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். இது நாங்கள் பேனாவால் திருத்திக் கேட்ட தரை தட்டலா? அல்லது நான் முதலில் பயந்த தரை தட்டலா? இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது. அதைப் படித்து ஸ்தோத்திரம் சொல்வதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் விழித்தேன். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும்.

அதற்குள் போன்மேல் போன். சொந்தக்காரர்கள் அழுகிறார்கள். "இல்ல, அது தட்டத்தான் வேணும்" என்று நான் சொல்லச் சொல்ல, அதிர்ச்சியில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று இன்னும் அழுதார்கள். அத்தைக்கும் கோயில் கூட்டத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். போனில் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

அந்த அனந்தபுரத்து அம்மா போகவில்லை. மனுவை விட்டுவிட்டு, என் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. அவர் ஊருக்குப் போகிற பஸ் இரண்டு போய்விட்டது. ஒரு தடவை மட்டும் பேசினார். "நானும் ஆஸ்பத்திரி வாசல்ல வேண்டிக்கிட்டேன்மா. எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்கும்" என்றார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அவரைக் கொடுத்துவிடும்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஐந்து நாளில் நான் உண்மையாகச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்குப் போன் அடித்தது.

"தட்டிட்டோம் கிரேசு. கழண்டும் வந்துட்டோம். எல்லாரும் உள்ள இருக்கறாங்க."

நான் அழுத சத்தத்தில் தாலுகா ஆபீஸ் வாட்ச்மேன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். அந்த அனந்தபுரத்து அம்மாவும் அழுதார்.

நடந்ததை என் கணவர் சொன்னார். கப்பல் மணலில் நன்றாகத்தான் ஏறியது. கதவும் இறங்கியது. ஆனால் முழங்கால் தண்ணீரில் கிழடுகளையும் குழந்தைகளையும் தூக்கி வர நேரமாகிவிட்டது. அந்தக் கர்ப்பிணியைப் பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்களாம். கதவை மூடும்போது தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. என்ஜினைப் பின்னால் போட்டும் கப்பல் அசையவில்லை. நங்கூர ஒயரில் ஒரு புரி தெறித்தது. முழு ஒயரும் அறுந்தால் பக்கத்தில் நிற்கிறவனை இரண்டாக வெட்டிவிடும் என்பதால் எல்லாரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டார்கள். வின்ச்சில் இவரும் இன்னொருவரும் மட்டும் நின்றார்கள். அப்போது கடலிலிருந்து பெரிய அலை மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. "செத்தோம்னுதான் நெனச்சேன்" என்றார். அந்த அலைதான் கப்பலை அடியோடு தூக்கியது. மணலைவிட்டு எழும்பி, ஒயர் இழுத்த இழுப்புக்குப் பின்னால் வழுக்கி வந்துவிட்டது.

சபையாரே, அந்த நேரத்தில் ரூபி அக்கா வீட்டில் முழங்காலில் இருந்தவர்கள் இரண்டாவது குறிப்பைப் படித்து, அலைகள் அமர வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அலை அமர்ந்திருந்தால் அவர் அங்கேயே மாட்டியிருப்பார். நாங்கள் கேட்ட வார்த்தைகளில் இரண்டு தப்பு. ஒன்றைத் திருத்தினோம். மற்றதைத் திருத்த எங்களுக்கு அறிவு போதவில்லை. கர்த்தர் எங்கள் அறிவின்மையைக் கணக்கில் வைக்காமல், கடைசியில் இருந்த மூன்றாவது குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஸ்தோத்திரம். இன்னும் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது.

அந்த அம்மாவின் மனுவை அன்றே திருத்தி அடித்துக் கொடுத்தேன். அவரோடு ஆபீசுக்குள்ளும் போய் நின்றேன். இப்போது அப்படிப்பட்ட மனு யார் கொண்டுவந்தாலும், அடிப்பதற்கு முன் அவர்களை உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேசுகிறேன். முன்பு நான் முகம் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. அந்தத் தீவுப் பெண்ணுக்கு என்ன குழந்தை என்று என் கணவருக்குத் தெரியவில்லை. பெயரும் தெரியாது. பெயர் தெரியாமலே அவளுக்காக ஜெபிக்கிறேன்.

என் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. போகவில்லை. மேகம் கறுத்தால் இப்போதும் எழுந்து போய் டிவியைப் போடுகிறேன். ஆனால் பயத்தோடு என்ன கேட்பது என்று கொஞ்சம் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவராக இருக்கலாம், லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம், எல்லையில் நிற்கிறவராக இருக்கலாம். அவர் போகவே கூடாது என்று ஆண்டவரிடம் மல்லுக்கட்டாதீர்கள். அவர் போய்ச் சேர வேண்டிய இடத்தில் யாரோ காத்திருப்பார்கள். சரியான வார்த்தை தெரியவில்லை என்றாலும் தயங்காமல் கேளுங்கள். வார்த்தையைப் பார்க்கிறவர் அல்ல அவர்.

நம் ஜனங்கள் வாசலைத் தாண்டும்போது 'போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், 'போய் வருகிறேன்' என்பார்கள். இவ்வளவு நாள் வாயால் சொல்லியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன், யோசித்ததில்லை. போன வாரம் அவர் போன் செய்து, "நாளைக்குக் காலைல பீச்சிங். புது எடம், கொஞ்சம் கஷ்டம்" என்றார். பக்கத்தில் அத்தை காதைக் கொடுத்து நின்றிருந்தார்கள்.

"சரி, தட்டிட்டு வாங்க" என்றேன்.